சீர்த்தட்டில் வந்த ஆம்ப்ளிஃபையர்

இந்த வீட்டுக்குள் வரப்போகும் ஆம்ப்ளிஃபையரின் வயிற்றுக்குள் 'மாற்றி' என்கிற சில்லு இருக்கவே கூடாது என்று மதியழகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில், தீர்மானம் போட்டான். அவையில் இருந்தவர்கள் இரண்டு பேர். அவன் மனைவி நாகஜோதி கல்லில் மாவை வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தாள். பதினோரு மாதப் பாப்பா சட்னியில் விரலை விட்டுக்கொண்டிருந்தது. உடனடியாக எதிர்ப்பு எதுவும் வராததால், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மதியழகன் சாதாரண ஆள் இல்லை. அவன் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பி.எஸ்சி. இயற்பியல். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நூலை அளந்து பார்த்து, தேறும் அல்லது தேறாது என்று சொல்வதுதான் அவன் தொழில். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தொழில் விட்டபாடில்லை. சொந்தத்தில் யார் போன் வாங்கினாலும், மோட்டார் வாங்கினாலும், பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று குழம்பினாலும், "மதியை ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க" என்பார்கள். அவன் சித்தப்பா பொன்னுத்துரை, முருங்கைத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டபோதுகூட அவனைக் கேட்டுத்தான் போட்டார். அவன் சொன்னது ஒருமுறையாவது தப்பாய்ப் போனதா என்றால், இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், சரிபார்க்கத் தெரிந்த ஆள் அந்த வம்சத்தில் வேறு யாரும் இல்லை.

இந்தப் பெருமையோடு ஒரு பயமும் ஒட்டிக்கொண்டே வந்தது. யாராவது கேட்டு, 'எனக்குத் தெரியாது' என்று ஒருநாள் சொல்லிவிட்டால், அப்பா ஆடு விற்றுப் படிக்கவைத்தது எதற்கு என்று ஆகிவிடுமே. அதனால் எதையும் படிக்காமல் சொல்ல மாட்டான். படித்துவிட்டால் சொல்லாமல் இருக்க மாட்டான்.

மாற்றி என்றால் என்ன என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாகஜோதிக்கு அவன் பதினேழு முறை சொன்னான். நான் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்கிறேன். போனுக்குள் இருக்கும் பாட்டு பாட்டே இல்லை. வெறும் எண்கள். அந்த எண்களை ஒலியலையாக மாற்றிக் கொடுக்க ஒரு சில்லு வேண்டும். கடைக்காரர்கள் அதை 'டேக்' என்பார்கள். அது தருவது மெலிந்த குரல். அந்தக் குரலுக்குச் சோறு போட்டுத் தடியாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஆம்ப்ளிஃபையர். இப்போது வருகிற ஆம்ப்ளிஃபையர்களில் சில, மாற்றியையும் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு வருகின்றன. சில, அது என் வேலை இல்லை என்று வெறும் வயிற்றோடு வருகின்றன. அவற்றுக்கு மாற்றியைத் தனிப் பெட்டியாக வாங்கிச் சொருக வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான். இதற்குள் மதியழகன் எட்டு மாதம் குடியிருந்தான்.

ஸ்பீக்கர்கள் போன தீபாவளி போனஸிலேயே வந்துவிட்டன. ஒரு ஜோடி, இடுப்பு உயரம், தேக்கு நிறம். ஆம்ப்ளிஃபையர் இல்லாததால் எட்டு மாதமாக வாய் திறக்காமல் கூடத்தில் நின்றன. வீட்டுக்கு வந்தவர்கள் அவற்றைப் புது மாதிரி முக்காலி என்று நினைத்துக் காபி டம்ளரை வைத்தார்கள். மதியழகனோ அறுபத்து நான்கு பக்க நோட்டு ஒன்றைப் போட்டு, நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'உள்ளே', அந்தப் பக்கம் 'வெளியே' என்று எழுதி நிரப்பிக்கொண்டிருந்தான். பேகம்பூரில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் விற்கிற சாகுல் ஹமீது கடைக்குப் பன்னிரண்டு சனிக்கிழமை போய்வந்தான். சாகுல் ஹமீது நல்ல மனிதர். முதல் நான்கு வாரம் அவனுக்கு டீ சொன்னார். பிறகு அவனையே கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்வர ஆரம்பித்தார்.

எட்டாவது மாதம் பிறந்தது தீர்மானம்: மாற்றி வெளியேதான். எதிர்ப்பு மூன்றாவது தோசையோடு வந்தது.

"அந்த டேக்கு உள்ளயே இருக்கறத வாங்குங்க," என்றாள் நாகஜோதி.

"அதுல என்ன சிக்கல்னா ஜோதி, அஞ்சு வருசத்துல சில்லு பழசாயிரும். தனியா இருந்தா அத மட்டும் மாத்திக்கலாம்."

"அஞ்சு வருசங்கழிச்சுக் கெட்டுப்போறதுக்கு இன்னைக்கே ரெண்டு பெட்டியா?"

"கெட்டுப்போகாது. பழசாகும்."

"நாமளுந்தான் பழசாவோம். டிவிய எதுல சொருகுறது?"

டிவியைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை. இசை கேட்கிற ஆளிடம் டிவியைப் பற்றிக் கேட்பதா என்று அவன் மனம் சுருங்கியது. நாகஜோதி விடவில்லை. நடக்கப்போகிற பிள்ளை இருக்கிற வீடு, ரெண்டு பெட்டிக்கு ரெண்டு பிளக்கு, நடுவில் வயர், வராது என்றாள். அந்த வீட்டில் தீர்மானங்களைப் போடுவது மதியழகன். 'வராது' என்று சொல்வது நாகஜோதி. இதுவரை வந்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாகஜோதி நிலக்கோட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். திருவிழா, சடங்கு, காதுகுத்து என்றால் பந்தலுக்கு மைக் செட் கட்டுகிற வீடு. எட்டாவது படிக்கும்போதே அறுந்த வயரைச் சூடு வைத்து ஒட்டுவாள். இப்போது அந்தத் தொழிலை அவள் அண்ணன் பழனிக்குமார் நடத்துகிறான். மதியழகன் இதையெல்லாம் அறிவான். ஆனால் ஆலமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊரை எழுப்புவது வேறு, கூடத்தில் உட்கார்ந்து வயலின் கம்பியின் நடுக்கத்தைக் கேட்பது வேறு என்பது அவன் கருத்து. மனைவியைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. பன்னிரண்டு சனிக்கிழமை பேகம்பூர் போனவனுக்கு, அடுப்படி வரை போக வழி தெரியவில்லை.

வழி ஒன்றைக் காட்டியது மிக்ஸி. கல்யாணத்துக்குப் பழனிக்குமார் கொடுத்த மிக்ஸி. அதைப் போட்டால் பாப்பா விழிக்கும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். மதியழகன் ஒருநாள் அதைச் சத்தம் என்று சொல்லிவிட்டான். அது சத்தம் இல்லை, பவர் என்றாள் நாகஜோதி. அத்தோடு இரண்டு நாள் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத சோறு. பிறந்த வீட்டுச் சீரில் குற்றம் சொன்னால் அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் பொறுக்க மாட்டார்கள். தானாகவும் குற்றம் சொல்ல மாட்டார்கள். சீராக வந்தது கல்லாக இருந்தாலும் அதற்கு மஞ்சள் பூசிக் கூடத்தில் வைப்பார்கள்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே மதியழகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று வாரத்தில் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுவருவான். அந்தச் சீர்த்தட்டில் ஆம்ப்ளிஃபையர் வந்தால்? கூடவே தனிப் பெட்டியாக மாற்றியும் வந்தால்? நாகஜோதியின் வாயை நாகஜோதியின் அண்ணனே அடைத்துவிடுவானே. தன் மூளையை எண்ணி அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வார விடுமுறை நாளில், மில்லில் கூட்டம் என்று சொல்லிவிட்டு நிலக்கோட்டைக்கு பஸ் ஏறினான். பழனிக்குமார் கொட்டகையில் கூம்புக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும், பீரோ வாங்கலாம்னு இருந்தோம், அதுக்குப் பதிலா இது, அவ்வளவுதானே என்றான். கூடுதலாக ஆவதைத் தான் தருவதாக மதியழகன் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது.

"எம் மருமகளுக்குச் செய்யறதுக்கு ஒங்ககிட்டக் கை நீட்டவா மாப்ள? பேரை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

மதியழகன் இரண்டு பெட்டிகளின் பெயரையும் எண்ணையும் அச்சு மாதிரி எழுதிக் கொடுத்தான். ஆம்ப்ளிஃபையர், வெறும் வயிறு. மாற்றி, தனி. கீழே கோடும் போட்டான்.

"ஜோதிக்குத் தெரிய வேண்டாம் மச்சான். சர்ப்ரைஸா இருக்கட்டும்."

பழனிக்குமார் தலையாட்டினான். மதியழகன் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டான். இரைச்சலான பந்தலில் எதிரில் நிற்பவர் பேசுவது காதில் விழுகிறது என்று காட்டுவதற்கும் மைக் செட்காரர்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். அது அவனுக்குத் தெரியாது. மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே, வெற்றி வாசனையோடு திண்டுக்கல் வந்து இறங்கினான்.

அடுத்த மூன்று வாரமும் அவனைப் போல் அடக்கமான கணவன் அந்தத் தெருவில் இல்லை. ஆம்ப்ளிஃபையரா, அதற்கென்ன அவசரம், உன் இஷ்டப்படியே பார்க்கலாம் என்றான். நாகஜோதி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

காதுகுத்து நாள் வந்தது. குலதெய்வக் கோயில் புளியமரத்தடியில் பந்தல். ஒரு பக்கம் கிடா வெந்துகொண்டிருந்தது. பழனிக்குமார்தான் மாமன், அவனேதான் மைக் செட்டும். மேளம் முன்னே வர, பதினோரு சீர்த்தட்டுகள் பின்னே வந்தன. பழம், பூ, பட்டு, பாப்பாவுக்குத் தோடு. எல்லாவற்றுக்கும் முன்னால், தங்கத்தாள் சுற்றிய ஒரு பெரிய பெட்டியைப் பழனிக்குமார் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். கூட்டம் வாய் பிளந்தது. மதியழகன் ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்தான். மாற்றியின் சின்னப் பெட்டியைக் காணோம். ஆப்பிளுக்கு அடியில் இருக்கும் என்று முடிவு கட்டினான். மச்சான் சாமர்த்தியசாலி.

பாப்பா மாமன் மடியில் உட்கார்ந்து இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே அழுகையாக அழுது முடித்தது. சித்தப்பா பொன்னுத்துரை தங்கத்தாள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, இது என்னாப்பு, பீரோவும் இல்ல, கட்டிலும் இல்ல என்றார். எட்டு மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் மதியழகன் உயிர் வாழ்ந்தான். மைக்கைக் கையில் வாங்கினான்.

பேசினான். எண்கள் ஒலியாகிற கதையில் ஆரம்பித்தான். விவரம் தெரிந்தவன் எவனும் மாற்றியை ஆம்ப்ளிஃபையருக்குள் வைத்து வாங்க மாட்டான் என்றான். வாங்கினால் அது அடுப்பும் குளியலறையும் ஒரே அறையில் இருக்கிற வீடு மாதிரி என்றான். இதையெல்லாம் உணர்ந்து வாங்கிவந்த மச்சானைப் போல் ஒரு தாய்மாமன் இந்த ஜில்லாவில் இல்லை என்றான். ஊரே கைதட்டியது. நாகஜோதியும் தட்டினாள். அவள் கொஞ்சம் அதிகமாகவே தட்டியதாக அவனுக்குத் தோன்றியது.

"அப்ப பிரிச்சுக் காட்டுப்பு," என்றார் சித்தப்பா. "அம்புட்டுப் பேசிட்ட. நாங்களும் கண்ணால பாக்குறோம்."

தங்கத்தாள் கிழிந்தது. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில், ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் படமாக அச்சாகியிருந்தது. அதில் டிவியைச் சொருகுகிற ஓட்டை இருந்தது. கம்ப்யூட்டரைச் சொருகுகிற ஓட்டையும் இருந்தது. வெறும் வயிற்று ஆம்ப்ளிஃபையருக்கு அந்த ஓட்டைகள் கிடையாது. அறுபத்து நான்கு பக்கம் எழுதியவனுக்கு அது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கு விளங்கவில்லை. மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"அந்த மாத்துற சமாச்சாரம் எங்கப்பு? உள்ளயா, வெளியவா?" என்றார் சித்தப்பா, படித்த மாணவனைப் போல.

மதியழகன் பழனிக்குமாரைப் பார்த்தான். பழனிக்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எம் மருமகளுக்கு நான் செஞ்சதுல என்ன கொறை என்று கேட்கத் தயாரான முகத்தோடு நின்றான். அவன் பின்னால் நிலக்கோட்டை ஆட்கள் நாற்பது பேர். சீரில் குறை சொன்ன மாப்பிள்ளையை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். சீரைக் குறை சொல்லக் கூடாது என்ற விதி மனைவிக்கு மட்டும்தான் என்று அவன் ஏன் நினைத்தான் என்பது அவனுக்கே அப்போது விளங்கவில்லை.

மறுபடி பேசினான். மாற்றி உள்ளேதான் இருக்கிறது என்றான். பழைய காலத்தில்தான் வெளியே வைப்பார்கள், தான் சற்று முன் சொன்னது பழைய காலத்தைப் பற்றி என்றான். இப்போது விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்றான். எவ்வளவு நேரத்தில் வளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. அடுப்பும் குளியலறையும் என்று ஆரம்பித்துவிட்டு, அதை எப்படி முடிப்பது என்று தெரியாமல், எல்லாரும் சாப்பிடலாம் என்று முடித்தான்.

சித்தப்பா சாப்பிடப் போகவில்லை. ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவோம் என்றார். மதியழகன் ஆம்ப்ளிஃபையரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தான். இந்த மாதிரிப் பெட்டிகளைப் பற்றி அவன் எழுதியிருந்ததெல்லாம் அவற்றின் குறைகள். எதை எதில் சொருகுவது என்று எழுதவில்லை.

"பாப்பாவப் புடிங்க," என்றாள் நாகஜோதி.

பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணனின் ஸ்பீக்கர் இரண்டை இழுத்தாள். வயர் நுனியைப் பல்லால் உரித்தாள், முறுக்கினாள், திருகினாள். சத்தம் கூட்டும் திருகை முக்கால்வாசிக்கு வைத்தாள். பாட்டு எதையும் போடவில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்து அப்படியே இருந்தாள்.

என்னத்தா கேக்குற என்றார் சித்தப்பா.

"ஒண்ணுமே கேக்கலன்னா நல்ல ஆம்ப்ளிபயரு மாமா. பாட்டு போட்டா எல்லாந்தான் நல்லாருக்கும். போடாமக் கேக்கணும்."

பிறகு திருகைப் பாதிக்குக் குறைத்து, ஒரு நாதஸ்வரத்தைப் போட்டாள். புளியமரத்தடி நிறைந்தது. கிடாவைக் கிண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அகப்பையோடு திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா அழுததை மறந்துவிட்டு, புதுத் தோடு ஆட, அப்பாவின் தோளில் இருந்தபடி துள்ளியது. பழனிக்குமார் தங்கையைப் பார்த்துத் தலையாட்டினான். கேட்கிறது என்பதற்கு ஆட்டுகிற அதே ஆட்டல்.

வீட்டுக்கு வந்ததும் மதியழகன் கேட்டான், எப்போது தெரியும் என்று. அவன் ஏறிய பஸ் நிலக்கோட்டை ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தெரியும் என்றாள் அவள்.

"சீரு எந்த வீட்டுக்கு வருதோ, அந்த வீட்டுப் பொண்ணக் கேக்காம எந்த அண்ணன் வாங்குவான்? இது காலேஜ்ல சொல்லித் தரலையா?"

சொல்லித் தரவில்லை. அவன் நிலக்கோட்டை போய்வந்த மறுநாளே அவள் சாகுல் ஹமீது கடைக்குப் போயிருக்கிறாள். டிவியின் பின்புறத்தையும் வீட்டு சுவிட்ச் பெட்டியையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், நான்கு ஆம்ப்ளிஃபையரைப் பாட்டுப் போடாமல் கேட்டுப்பார்த்து, இது என்று காட்டிவிட்டு வந்திருக்கிறாள். பத்து நிமிடம். டீ வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டாளாம்.

மதியழகன் இன்னும் தோற்கவில்லை. எல்லாம் சரி, ஆனாலும் மாற்றி தனியாக இருந்தால் வருகிற சுத்தம் வேறு என்றான். நாகஜோதி வாதாடவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். அவன் எழுதிக் கொடுத்த அதே மாற்றி. கேட்டுப் பார்த்துவிட்டுத் தருவதாகக் கடையில் இரவல் வாங்கி வந்திருந்தாள். அதைக் கம்ப்யூட்டரில் சொருகி, ஆம்ப்ளிஃபையரில் சொருகி, இரண்டு பிளக்கையும் சுவரில் மாட்டித் திருகைக் கூட்டினாள். பாட்டு இல்லை. ஸ்பீக்கருக்குள் ஒரு வண்டு உட்கார்ந்து 'ம்ம்ம்' என்றது.

"கேக்குதா?"

"கம்மியாத்தான் இருக்கு."

"நம்ம வீட்டுச் சுவத்துல மூணாவது ஓட்டைக்கு எர்த்து வயரே இழுக்கல. ரெண்டு பெட்டி ரெண்டு பிளக்குல நின்னா இப்புடித்தான் மொனகும். பந்தல்ல தெனம் பாக்குறது." சின்னப் பெட்டியைப் பிடுங்கி, டிவியிலிருந்து ஒரே ஒரு கேபிளை, கரண்டுக்குப் பதில் வெளிச்சம் ஓடுகிற கேபிளை, ஆம்ப்ளிஃபையருக்கு இழுத்தாள். வண்டு போய்விட்டது.

மதியழகன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். உலகத்துச் சில்லுகளெல்லாம் அதில் இருந்தன. அவன் வீட்டுச் சுவர் இல்லை.

ஆனால் அவன் எளிதில் பெருமையை விடுகிற ஆள் இல்லை. ஒரு வாரத்தில் மில்லில் எல்லாருக்கும் சொல்லிவிட்டான், எட்டு மாத ஆராய்ச்சிக்குப் பிறகு, நம்ம ஊர்க் கரண்டுக்கு மாற்றி உள்ளே இருப்பதுதான் தோது என்று கண்டுபிடித்ததாக. மாலையில் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வயலின் கேட்டான். கம்பியின் நடுக்கம் தெரிந்தது. நல்ல ஆம்ப்ளிஃபையர்தான், அவன் வீட்டுச் சீரல்லவா. வந்தவர்கள் ஸ்பீக்கர் மேல் டம்ளர் வைக்கப் போனால், அவனே பதறிக் கை நீட்டி வாங்கினான்.

அடுத்த மாதம் பொன்னுத்துரை சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. புது வீட்டுக் கூடத்துக்கு ஒரு பாட்டுப் பெட்டி வேணும், என்ன வாங்கலாம் என்றார். மதியழகனுக்கு நெஞ்சு விரிந்தது. புளியமரத்தடியில் நடந்ததை அவர் மறந்துவிட்டார். வம்சத்தில் முதல் படிப்பாளியின் நாற்காலி அப்படியே இருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் சுவரில் எர்த் இருக்கிறதா பாருங்கள் என்று ஆரம்பித்தான். மாற்றி உள்ளே இருக்க வேண்டும் என்றான். பாட்டுப் போடாமல் காது வைத்துக் கேட்க வேண்டும் என்றான். பத்து நிமிடம் தடங்கல் இல்லாமல் பேசினான். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினார். ஒரு சொல்கூட விடாமல் கேட்டார்.

"நல்லா வெளங்கச் சொல்றப்பு," என்றார் கடைசியில். "படிச்சவன் படிச்சவன்தேன். போனைச் செத்த நேரம் ஜோதிகிட்ட குடு."